பின்கட்டுக்குப் போன ஓட்டுப்பெட்டி

தேர்தல் வேலைக்கு உங்கள் பெயரெல்லாம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். உங்களில் பாதிப் பேர் மெடிக்கல் லீவு போடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதும் காதில் விழுந்தது. போடாதீர்கள். தாலுகா ஆபீஸில் கிஸ்தி வசூலும் ஜமாபந்தியும் பார்த்தே வயதாகிப்போகிறவனுக்கு, ஒரே ஒரு நாளாவது நாட்டையே தன் மேஜைக்கு முன்னால் வரிசையில் நிறுத்திப் பார்க்கிற வாய்ப்பு இதுதான். அதைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

பெட்டிக்கு அரக்கு வைப்பது, சீட்டு மடிப்பது, சாக்குப்பையைக் கட்டுவது எல்லாம் உங்களுக்கு வகுப்பு நடத்திச் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அதில் ருசி இல்லை. நான் சொல்ல வந்தது காலைப் பலகாரத்தைப் பற்றி. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வாக்குச்சாவடியில் நீங்கள் எடுக்கப்போகும் முதல் முடிவை இலைக்கு முன்னால் உட்கார்ந்துதான் எடுக்கப்போகிறீர்கள். எடுத்தது தெரியாமலே எடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு எழுந்துவிடுவீர்கள்.

இது ஜில்லா போர்டுத் தேர்தல் காலத்துக் கதை. அப்போது எல்லோருக்கும் ஓட்டுக் கிடையாது. வரி கட்டுகிறவர்களுக்குத்தான். பெண்களும் தங்கள் பெயரில் வரி கட்டினால் போடலாம். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போய், பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். அந்தத் தடவை எங்கள் பக்கம் போட்டி இரண்டு பேருக்குள். பச்சைப் பெட்டி ஒரு செட்டியாருக்கு. சிவப்புப் பெட்டி ஒரு வக்கீலுக்கு.

என்னைப் போலிங் ஆபீசராகப் போட்ட ஊர் கொத்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் உங்கள் ஆபீஸிலேயே இருக்கிறார்கள், நாளைக்கு என் பென்ஷன் பேப்பர் அவர்கள் மேஜைக்குத்தான் வர வேண்டும்.

அந்த ஊரில் பள்ளிக்கூடம் ஒரு கீற்றுக் கொட்டகை. முந்தின மழையில் பாதி சரிந்துபோயிருந்தது. ஆகவே தாசில்தார் வாக்குச்சாவடிக்கு ஒரு பெரிய வீட்டைக் குறித்து கெஜட்டிலும் போட்டுவிட்டார். செட்டிநாட்டு வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் கட்டுக்குப் பின் கட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் ரங்கூனில் இருந்தார். இங்கே வீட்டையும் நிலத்தையும் ஆண்டுகொண்டிருந்தது அவருடைய மனைவி. நாங்கள் எல்லோரும் ஆச்சி என்றுதான் சொல்வோம். ஆச்சிக்கு உதவியாக ஒரு கணக்கப்பிள்ளை. பச்சைப் பெட்டிக்காரர் யார் என்று கேட்பீர்களே, அவர் ஆச்சியின் கொழுந்தனார்.

வேட்பாளரின் அண்ணன் வீட்டிலேயே ஓட்டுச்சாவடியா என்று இப்போது வாயைப் பிளக்கிறீர்கள். அன்றைக்கு ஒருவரும் பிளக்கவில்லை. நிழல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பெட்டி வைக்க இடம் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றார் தாசில்தார். எனக்கும் அது மிக நியாயமாகப் பட்டது. நான் அங்கே போய் இறங்கியதும் இன்னும் நியாயமாகப் பட்டது. வெள்ளைப் பணியாரம், அதற்கு ஒரு காரச் சட்னி, கந்தரப்பம், இடியாப்பம், பிறகு டபரா நிறையக் காபி. பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டு என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, மீசையில் சட்னி ஒட்டியது தெரியாமல், “சர்க்கார் வேலைன்னா இப்பிடி இருக்கணும்ங்கய்யா” என்றார்.

முகப்பைத் தாண்டினால் வருகிற பெரிய கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். ஏழரை எட்டு மணிக்கு ஓட்டு ஆரம்பமானது. ஆரம்பித்த உடனே தகராறு.

சிவப்புப் பெட்டிக்கு ஏஜெண்டாக வந்தவர் அருளானந்தம் வாத்தியார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் கோயில் மணி. அவர் மேஜைக்கு வந்து, “ஐயா, ஒங்க ஏட்டு எங்க ஆளுக தோள்ல கிடக்குற துண்டையெல்லாம் உருவுறாரு. இது எந்தச் சட்டம்?” என்றார்.

வெளியே போய்ப் பார்த்தேன். ஏட்டின் கை நிறையச் சிவப்புத் துண்டு. “நூறு கஜத்துக்குள்ள பிரசாரம் கூடாதுல்லங்கய்யா? செவப்புத் துண்டு பிரசாரந்தான?” என்றார். ஒரு துண்டை வாங்கிப் பார்த்தேன். புதுக் கஞ்சி வாடை. இன்னொன்றை வாங்கினேன், அதிலும் அதே கஞ்சி, அதே கரை. வாத்தியாரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

“சரி, துண்டு வேண்டாம். ஆனா அது என்னவாம்?” என்று வாசல் நிலையைக் காட்டினார். மாவிலைத் தோரணம். அதில் இலைக்கு ஒன்றாகப் பச்சைப் பட்டு ரிப்பன். ஏட்டு அதன் கீழேதான் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். தலையில் இடிக்கிறதே என்று ஒதுக்கிவிட்டுக்கொண்டுகூட இருந்தார்.

ரிப்பனை அவிழ்க்கச் சொன்னேன். மாவிலையும் பச்சைதானே என்றார் வாத்தியார். மாவிலைக்கு ஓட்டுக் கிடையாது, அது இருக்கட்டும் என்றேன். கூட்டம் சிரித்தது. துண்டும் போயிற்று, ரிப்பனும் போயிற்று, இரண்டு பக்கத்துக்கும் ஒரே சட்டம். நான் என் நாற்காலிக்குத் திரும்பியபோது எனக்கு நானே ஒரு மாலை போட்டுக்கொள்ளாத குறை. இந்த இடத்தில்தான் தம்பிகளே, கவனமாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற நிறத்தில் நியாயம் செய்துவிட்டால், எல்லா நியாயமும் முடிந்துவிட்டது என்று ஒரு திருப்தி வரும். அது மகா ஆபத்தான திருப்தி.

பத்து மணி ஆயிற்று. ஓட்டுப் போட வந்தவர்களையெல்லாம் பார்த்தால் ஒரே குடும்பக் கல்யாணம் போல இருந்தது. பெரிய வீட்டுக்காரர்கள் வந்தார்கள், லேவாதேவிக்காரர்கள் வந்தார்கள், கடைக்காரர்கள் வந்தார்கள். பச்சைப் பெட்டிக்கு ஏஜெண்டாக இருந்தவர் வேட்பாளரின் மருமகன். அவர் நிம்மதியாகப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஊருக்குக் கிழக்கே ஒரு குடியானவர் குடியிருப்பு உண்டு. வரி கட்டுகிற சம்சாரிகள், இந்த வீட்டு நிலத்தையும் குத்தகைக்கு உழுகிறவர்கள். அங்கிருந்து ஒருவரும் என் மேஜைக்கு வரவில்லை.

வாத்தியார் மறுபடி வந்தார். இந்தத் தடவை குரலில் மணி இல்லை. “ஐயா, கெழக்க உள்ளவுக எல்லாம் காலையிலேயே வந்துட்டாக. ஊருணிக் கரையில உக்காந்திருக்காக. ஒருத்தரும் உள்ள வர மாட்டேங்குறாக.”

“யாராவது அடித்தார்களா? மிரட்டினார்களா?”

“இல்ல.”

“கம்பு கிம்பு வைத்துக்கொண்டு நிற்கிறார்களா?”

“அதெல்லாம் இல்லிங்க. வாசல்ல வந்து சும்மா நின்னு பாருங்க.”

போய்த் தூணுக்குப் பின்னால் நின்றேன். முன்வாசலில் கணக்கப்பிள்ளை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சந்தனப் பேலா, வெற்றிலைத் தட்டு. வருகிறவர்களை எழுந்து வரவேற்றுக்கொண்டிருந்தார். எனக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. செட்டிநாட்டில் வாசல் ஏறி வருகிறவரை ‘வாங்க’ என்று கேட்காவிட்டால் அந்த வீட்டுக்கே இழுக்கு. ‘போனேன், யாரும் வாங்கன்னு கேக்கல’ என்று ஒருவர் வெளியே போய்ச் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு மூன்று தலைமுறைக்கு நிற்கும்.

அப்போது ஊருணிப் பக்கமிருந்து ஒரு ஆள் தனியாக வந்தார். நாற்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த உடம்பு, துவைத்துக் கட்டிய வேட்டி. படியில் கால் வைத்தார். கணக்கப்பிள்ளை சட்டென்று எழுந்து இரண்டு கையையும் கூப்பினார்.

“வாங்க, முத்தழகு, வாங்க! வீட்ல எல்லாரும் சௌக்கியமா இருக்கீகளா? மகளுக்கு மாப்பிள்ள பாக்குறதாக் கேள்விப்பட்டேன். நல்லதுங்க. சித்திரையில குத்தகை வேற பேசணும்ல. ஓட்டுப் போட்டுட்டு அப்பிடியே எங்கிட்டக்க வந்துட்டுப் போங்க. சந்தனம் எடுத்துக்கங்க.”

முத்தழகின் கால் படியிலேயே நின்றது. சந்தனத்தைத் தொடவில்லை. “மாட்டுக்குத் தண்ணி காட்டாம வந்துட்டேங்க” என்றார். திரும்பி நடந்தார். வேகமாகக்கூட நடக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பின்னாலேயே போய் அவரை நிறுத்தினேன். “ஏன் திரும்பிவிட்டீர்கள்? உங்களை என்ன செய்துவிட்டார் அவர்?”

முத்தழகு என்னை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு படித்த ஆளுக்கு இது புரியவில்லையே என்ற பரிதாபம் அந்தப் பார்வையில் இருந்தது என்று நினைக்கிறேன்.

“என்னய வாங்கன்னு கூப்பிட்டாருங்கய்யா. எனக்கு மீச மொளச்ச நாள்லேருந்து அந்த ஆளு என்னய ஏலேய்னுதான் கூப்பிடுவாரு. இன்னைக்கு வாங்க, இருக்கீகளா, சந்தனம் எடுத்துக்கங்கங்குறாரு. அப்புறம் நான் எப்பிடிங்கய்யா உள்ள வாரது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது. அடிப்பேன் என்று சொல்லியிருந்தால் அது மிரட்டல், பிடித்து உள்ளே போடலாம். மகள் கல்யாணத்தையும் குத்தகையையும் சந்தனத்தோடு சேர்த்து நீட்டினால் அதை எந்தப் பிரிவில் பிடிப்பது? விதிப் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். ‘வாங்க’ குற்றம் என்று எங்கும் இல்லை.

நான் உத்தியோகத்துக்கு வந்த புதிதில் ஒரு ஹெட்கிளார்க் இருந்தார். மகா கஞ்சன், பதிலுக்குத் தானும் கொடுக்க வேண்டியிருக்குமே என்று யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். அவர் ஒரு தடவை என்னிடம், “சட்டத்தை யார் மேலே முதலில் போடுவது என்று உனக்குச் சந்தேகம் வந்தால், யார் வீட்டில் காபி குடித்தாய் என்று நினைத்துப் பார். அவர் மேலே போடு. மற்றவர்களுக்குத் தானாக விளங்கிவிடும்” என்றார். அப்போது இது கஞ்சத்தனத்துக்கு அவர் சொல்லிக்கொள்ளும் சாக்கு என்று நாங்கள் கேலி செய்தோம்.

ஏட்டைக் கூப்பிட்டேன். “கணக்கப்பிள்ளையை நூறு கஜத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பும்.”

ஏட்டுக்கு முகம் சுண்டிவிட்டது. “சாப்பிட்ட வீடுங்கய்யா.”

“நானும்தான் சாப்பிட்டேன். துண்டை உருவினபோது வேகமாகத்தானே உருவினீர்?”

“அது துண்டுங்கய்யா. இவரு ஆளுல்ல.”

கணக்கப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. “மரியாத குடுத்தாக் குத்தமுன்னு எந்த ஊருச் சட்டத்துல எழுதியிருக்கு? நான் இந்த வீட்டு ஆளு. வீட்டு வாசல்ல உக்காந்திருக்கேன்” என்றார். சொல்லிவிட்டு உள்ளே ஆச்சிக்குச் சொல்லியனுப்பினார்.

ஆச்சி வந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் சாவிக் கொத்து, முகத்தில் தாசில்தாருக்கெல்லாம் பயப்படாத ஒரு நிதானம்.

“என்ன ஆபீசரய்யா, எங்க வீட்டு ஆளையே எங்க வீட்டு வாசல்லேருந்து போகச் சொல்றீகளாமே? பலகாரம் நல்லா இல்லியா?”

“பலகாரத்தில் குறையே இல்லை ஆச்சி. அதுதான் சங்கடம்” என்றேன். “வாசலில் வைத்து ‘வாங்க’ என்கிறார். அதனால் வர வேண்டியவர்கள் வராமல் போகிறார்கள்.”

“வாங்கன்னு கேட்டா வராமப் போறாகளா? இது என்னய்யா அதிசயமா இருக்கு! யாரு அப்பிடிப் போனது?”

“முத்தழகு.”

ஆச்சி கணக்கப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள். “முத்தழகையா வாங்கன்ன?”

அவர் வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தார். ஆச்சிக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கிற ஆளும் இல்லை அவர்கள். “அது தப்புன்னே வச்சுக்கங்க. இவன் போனா வேற ஒருத்தர் அங்க உக்காரணும். இந்த வாசப்படி ஏறி வாரவுகள வாங்கன்னு கேக்காம விட முடியாது. எங்க வீட்டவுக ரங்கூன்லேருந்து கேப்பாக, என்ன வீடு நடத்துறன்னு. அதுக்கு என்ன சொல்றீக?”

நியாயமான கேள்விதான். இந்தப் பக்கம் ஒரு வீட்டின் மானம், அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பின் ஓட்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போக எனக்கு அதிகாரம் இல்லை. கெஜட்டில் போட்டது இந்த வீடு. இந்த வீட்டிலேயே ‘வாங்க’ என்று கேட்காத இடம் எங்கே இருக்கிறது?

கேட்டதுமே விடையும் வந்துவிட்டது. பின்கட்டு. நெல் மூட்டையும் விறகும் உள்ளே வருகிற இடம். அங்கே வருகிறவரை யாரும் விருந்தாளியாக நினைப்பதில்லை. மூட்டையை இறக்கிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

“ஆச்சி, மேஜையையும் பெட்டியையும் பின்கட்டுக்குக் கொண்டுபோகிறேன். வீடு மாறவில்லை, கட்டு மாத்திரம் மாறுகிறது. முன்வாசலைச் சாத்திவிடுங்கள். எல்லோரும் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.”

“எல்லாருமுன்னா?”

“எல்லோரும்தான். உங்கள் வீட்டு ஆண்களும்.”

ஆச்சி சாவிக் கொத்தில் பின்வாசல் சாவியைத் தேடினார்கள். “வைக்கோலும் சாணியுமாக் கெடக்கும். எங்க ஆளுக வரவா போறாக?” என்றார்கள்.

“ஓட்டு வேண்டுமென்றால் வருவார்கள்.”

சாவியை எடுத்துக் கொடுத்தார்கள். சிரித்தார்களா இல்லையா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நான் அப்போது யார் முகத்தையும் பார்க்கிற நிலையில் இல்லை.

பெட்டிகளைத் தூக்கி வைத்து, மறைப்புக் கட்டி, ஏஜெண்டுகள் இருவரும் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகு பின்வாசலைத் திறந்தோம். கணக்கப்பிள்ளையை ஏட்டு தெருக்கோடிப் புளியமரம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வரும்போது அவர் முகம் சொந்த மாமனாரைக் கைது செய்தவர் முகம் மாதிரி இருந்தது.

அரை மணிக்குள் வேட்பாளர் மோட்டாரில் வந்துவிட்டார். பின்தெருவுக்குள் அந்த மோட்டார் திரும்பாது. ஆகவே இறங்கி, பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாணத்தைத் தாண்டித் தாண்டி வந்தார். வந்தவர் என் மேஜைமேல் கையை ஊன்றினார்.

“எங்க வீட்டுக்கே என்னைப் பின்வாசல் வழியா வரவைக்கிறீகளா? தாசில்தாரு எங்க வீட்டுக் கலியாணத்துல முத வரிசையில உக்காந்து சாப்பிடுறவரு, தெரியுமில்ல? உப்பங்காத்து அடிக்கிற ஊரு எதுக்காவது மாத்தலாகிப் போகணும்னு ஆசையா?”

பயந்தேன். தைரியமாக நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். காரைக்குடியில் அப்போதுதான் வாடகைக்கு நல்ல வீடு பிடித்திருந்தேன், கைக்குழந்தை வேறு. ஆனால் முத்தழகு திரும்பி நடந்த நடையும் கண்ணிலேயே நின்றது. கெஜட்டை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

“வீட்டின் பெயர்தான் போட்டிருக்கிறது. முன்வாசல், பின்வாசல் என்று பிரித்துப் போடவில்லை. நீங்கள் இன்னும் ஓட்டுப் போடவில்லை போலிருக்கிறதே. வரிசை அங்கே ஆரம்பிக்கிறது.”

என்னை ஒரு தரம் முறைத்தார். பிறகு வெளியே நிற்கிற தம் ஆட்களைப் பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு வராமல் நின்றவர்கள் அவர்கள். இவர் வந்தால்தான் அவர்களும் வருவார்கள், வராவிட்டால் பச்சைக்கு மீதி ஓட்டும் போயிற்று. அரசியல்வாதிக்குக் கோபத்தைவிடக் கணக்கு முக்கியம். போய் வரிசையில் நின்றார்.

அதற்குள் ஊருணிக் கரையிலிருந்து கிழக்குக் குடியிருப்பு முழுக்க எழுந்து வந்துவிட்டது. முதலில் வந்தவர் முத்தழகு. வேட்பாளருக்கு முன்னால் நிற்கிறோம் என்று தெரிந்ததும் ஒதுங்கி, “நீங்க முந்திப் போங்கய்யா” என்றார். பழக்கம். வேட்பாளரும் பழக்கப்படியே நகரப் பார்த்தார். “வரிசை வரிசைதான்” என்றேன். என் குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது, அதனால் என்ன. முத்தழகு சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனார். அவர் வெளியே வந்த பிறகுதான் அடுத்தவருக்குச் சீட்டை நீட்டினேன்.

மத்தியானம் நல்ல வெயிலில் ஒரு வில்வண்டி பின்தெருவில் வந்து நின்றது. இறங்கியது ஆச்சி. உள்வழியாகவே நாலு எட்டில் என் மேஜைக்கு வந்திருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டோம், நான் உள்பட. ஆனால் அவர்கள் முன்வாசலில் வண்டி பூட்டச் சொல்லி, தெருவைச் சுற்றிக்கொண்டு, தம் வீட்டுப் பின்வாசலுக்கு வந்து, வரிசையின் கடைசியில் நின்றார்கள். ஆண்கள் பதறி விலகினார்கள். “விலகாதீக, நில்லுங்க” என்றார்கள் ஆச்சி.

நிற்கிற நேரத்தில் சும்மா இருக்க முடியவில்லை. முன்னால் நின்ற ஒருவரிடம், “கெழக்க இப்பத் தண்ணி எங்குட்டுப் போயி எடுக்குறீக?” என்று கேட்டார்கள். அந்த மனிதர் உற்சாகமாகி, “அதையேன் கேக்குறீக ஆச்சி, பொம்பளைக எல்லாம் கம்மாயத் தாண்டிப் போறாக. போர்டுல ஒரு கெணறு மட்டும் வெட்டிட்டா...” என்று ஆரம்பித்தார். வக்கீல் கிணறு வெட்டித் தருவதாகத்தான் ஊர் ஊராகப் பேசியிருந்தார்.

நான் மேஜையைத் தட்டினேன். “நூறு கஜத்துக்குள் கிணறு பேசக்கூடாது.”

அருளானந்தம் வாத்தியார் என்னைக் கொன்றுவிடுவதுபோல் பார்த்தார். நானும் மனசுக்குள் அழுதுகொண்டுதான் தட்டினேன். கணக்கப்பிள்ளைக்குச் சந்தனம் கூடாது என்றால் இவருக்குக் கிணறும் கூடாது. ஆச்சி பேச்சை நிறுத்திவிட்டார்கள். முறை வந்ததும் சீட்டை வாங்கிப் போட்டுவிட்டு, மறுபடி வண்டியேறிச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் பெட்டியைக் கட்டும்போது புளியமரத்தைப் பார்த்தேன். அங்கே கணக்கப்பிள்ளை உட்கார்ந்து, வீடு திரும்புகிற குடியானவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி எந்தப் பெட்டி என்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் பச்சை, பச்சை என்று சொல்லிக்கொண்டு போனார்கள். என் சட்டம் புளியமரத்துக்கு இந்தப் பக்கமே தீர்ந்துபோய்விட்டது. அவர்கள் குடித்தனம் முழுக்கப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

பச்சைப் பெட்டிக்காரர் தோற்றுப்போனார். எனக்குத் தாசில்தாரிடமிருந்து விளக்கம் கேட்டு ஒரு மெமோவும், கொஞ்ச நாளில் முதுகுளத்தூர்ப் பக்கம் மாற்றலும் வந்தன. நிர்வாக வசதிக்காக என்று போட்டிருந்தது. நிர்வாகம் மிகவும் வசதியாகத்தான் இருந்திருக்கும்.

மறு வருஷம் லீவில் வந்தபோது காரைக்குடிச் சந்தையில் அருளானந்தம் வாத்தியாரைப் பார்த்தேன். கிணற்றுக் கோபம் ஆறியிருந்தது. முத்தழகு எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்டேன்.

வாத்தியார் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். சித்திரையில் குத்தகை பேசும் நாள் வந்ததும் கணக்கப்பிள்ளை முத்தழகை நிறுத்தி, இந்த வருஷத்திலிருந்து நிலம் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார். கிழக்குக் குடியிருப்பு மொத்தமும் ஆச்சி முன்னால் வந்து நின்றது. மனு எழுத வாத்தியாரும் கூடப் போயிருக்கிறார்.

“செவப்புல போட்டவுகளுக்கு நம்ம வீட்டு நெலம் எதுக்கு ஆச்சி?” என்றாராம் கணக்கப்பிள்ளை.

“செவப்புல போட்டாகன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?”

“அன்னைக்கே ஒவ்வொருத்தராக் கேட்டேன். அத்தன பேரும் பச்சைங்குறாக. அத்தன பேரும் பச்சைன்னா நம்ம எப்பிடித் தோத்தோம்? பொய் சொல்றாக ஆச்சி.”

“ஒவ்வொருத்தராவா கேட்ட?”

“ஒருத்தர் விடாமக் கேட்டேன்.”

“நானுந்தான் அதே பின்வாசல்ல வந்து, இவுகளோட வரிசையில நின்னு போட்டேன். எங்கிட்டக் கேக்கலியே நீ?”

“அது எப்பிடி ஆச்சி...” என்று இழுத்தாராம் கணக்கப்பிள்ளை.

“இப்பக் கேளு” என்றார்களாம் ஆச்சி. “எந்தப் பெட்டின்னு கேளு, சொல்றேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“எங்கிட்டக் கேக்க முடியாதத அவுககிட்ட மட்டும் எப்பிடிக் கேட்ட? குத்தகைய எழுதிக் குடு, போ.”

முத்தழகு இப்போது அதே நிலத்தில்தான் உழுகிறார், மகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு, வாத்தியார் என் பக்கம் குனிந்தார். “ஒங்க பக்கத்துலதான சார் பெட்டி இருந்துச்சு. ஆச்சி எதுல போட்டாகன்னு சத்தத்த வச்சாவது தெரிஞ்சிருக்குமே?”

தெரியாது என்றேன். தெரிந்துகொள்ள ஆசைகூட இல்லையா என்று கேட்டார். ஆசையா? செத்தாலும் போகாத ஆசை. உங்களுக்கும் அப்படி வரும். நன்றாக ஆசைப்படுங்கள், தம்பிகளே, கேட்க மட்டும் கேட்காதீர்கள்.